பதினோரு வினாடி சுற்றும் காலுறை

காலை ஆறு இருபதுக்கு எழுகிறேன். காபி இயந்திரத்தில் நான்காவது கோடு வரை தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டு கோப்பை வரும். இரண்டையும் நானே குடிக்கிறேன். முறுகல் ரொட்டி, வெண்ணெய், அதன்மேல் டியூபிலிருந்து பிதுக்கிய மீன்முட்டைப் பசை. மழை பெய்கிறதா என்று ஜன்னலில் பார்க்கிறேன். கோத்தன்பர்க்கில் பெய்யும். மழைக்கோட்டைக் கதவுப் பிடியில் மாட்டி வைக்கிறேன். ஆறு ஐம்பதுக்கு மடிக்கணினியைத் திறந்து, சலவை அறைப் பக்கத்தைப் பற்றி இரவில் எத்தனை புகார் வந்திருக்கிறது என்று எண்ணுகிறேன். ஏழு முப்பத்தைந்துக்கு ட்ராம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது புகார்கள் வந்திருந்தன.

எங்கள் கட்டடத்தில் அறுபத்திரண்டு வீடுகள். அடித்தளத்தில் ஒரே ஒரு சலவை அறை. மூன்று வாஷிங் மெஷின், ஒரு டிரையர். யார் எப்போது துவைப்பது என்பதுதான் இங்கே அரசியல். நாட்டில் ஆட்சி மாறினால் படிக்கட்டில் யாரும் பேசமாட்டார்கள். டிரையரின் வலையில் சேரும் துணிப்பஞ்சைத் துடைக்காமல் விட்டுப் போனவரைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். நேரில் அல்ல. சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள்.

முன்பு ஒரு மரப்பலகை இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய நேரத்துக்கு நேரே பூட்டை மாட்டினால் அந்த நேரம் உங்களுடையது. மூன்று வருடங்களுக்கு முன் அதற்குப் பதிலாக நானும் என் மனைவி இல்வாவும் ஒரு இணையப் பக்கம் செய்தோம். நான் நிரல் எழுதினேன். அவள் வரைந்தாள். நேரத்தை அழுத்தியதும், பதில் வரும்வரை திரையில் ஒரு பச்சைக் காலுறை சுற்றும். பெருவிரலில் ஓட்டை.

இல்வா போன வருடம் பிப்ரவரியில் இறந்தாள். அலுவலகப் படிக்கட்டில், மதியம், மூளையில் ரத்தம் கசிந்து. முப்பத்தொரு வயது. அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் காபியுடன் அமர்ந்திருந்தபோது அவள் அம்மா, “கடைசியா உன்கிட்ட என்ன சொன்னா?” என்று கேட்டார். “சாயங்காலம் சீக்கிரம் வந்துடுறேன்னு சொன்னா” என்றேன். அந்த மேஜையே அழுதது. அது நான் அந்த நிமிடத்தில் உண்டாக்கிய வாக்கியம்.

சலவைப் பக்கம் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. சலவை அறைக் கதவின் பூட்டை அடித்தளத்தில் ஒரு பெட்டி நடத்துகிறது. அந்தப் பெட்டி பூட்டு நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுத்தான் எதையும் செய்யும். போன இலையுதிர் காலத்தில் அவர்கள் சர்வரை வேறெங்கோ மாற்றினார்கள். அதுவரை கண் சிமிட்டுவதற்குள் மறைந்த காலுறை பதினோரு வினாடி சுற்றத் தொடங்கியது. சில நாள் நாற்பது.

வியாழக்கிழமை கட்டடத்தின் ஆண்டுக் கூட்டம். ஏழாவது தீர்மானம்: பக்கத்தை எடுத்துவிட்டு மரப்பலகையை மீண்டும் மாட்டுவது. கொண்டுவந்தவர் பன்னிரண்டாம் எண் வீட்டு குன்வோர், ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர். தீர்மானம் நிறைவேறினால் காலுறையும் போகும். இல்வா வரைந்தவற்றில் இன்னும் மனிதர்கள் தினமும் பார்ப்பது அது ஒன்றுதான். திட்டிக்கொண்டே பார்க்கிறார்கள். பரவாயில்லை.

நிரலைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்று மாதக்கணக்காகத் தெரியும். திறந்தால் அதற்குப் பக்கத்தில் அவளுடைய கோப்புறை இருக்கும். அதனால் திறக்கவில்லை.

அன்று ட்ராமுக்குப் போகும் வழியில் அடித்தளத்திலிருந்து சத்தம் கேட்டது. இந்தக் கட்டடத்தில் மனிதர்கள் நேருக்கு நேர் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. இறங்கிப் போனேன்.

வாசலில் நவீத் நின்றிருந்தான். நாலாம் மாடி, மருத்துவமனையில் நர்ஸ், மூன்று பிள்ளைகளின் தகப்பன். சுற்றிலும் நான்கு பெரிய நீலப் பைகள். உள்ளே குன்வோர், கையில் சோப்புத்தூள் கரண்டி.

“இது என் நேரம் குன்வோர். இதோ பாருங்க. செவ்வாய், ஏழு மணி, நவீத். எழுதியிருக்கா இல்லையா?”

“உன் போன்ல என்ன வேணா எழுதியிருக்கும். கதவு யாருக்குத் திறந்துச்சு? எனக்கு. கதவு பொய் சொல்லாதுப்பா.”

“மூணு பிள்ளைங்க. மூணும் நேத்து ராத்திரி வாந்தி. நாலு மூட்டையைத் தூக்கிட்டு நான் என்ன ஊர்வலமா வந்திருக்கேன்?”

குன்வோர் மூட்டைகளைப் பார்த்தார். முகர்ந்தார்.

“மூணாவது மெஷினை எடுத்துக்கோ. முதல் ரெண்டைத் தொட்டே, கை இருக்காது.” பிறகு என்னைப் பார்த்தார். “வந்துட்டாருய்யா காலுறை முதலாளி! கேளு நவீத், அவனையே கேளு.”

நவீத்தின் போனை வாங்கினேன். “நீ அழுத்தினதை வரிசையா சொல்லு.”

“செவ்வாய் அழுத்தினேன். சாக்ஸ் சுத்துச்சு. சுத்துச்சு, சுத்துச்சு. போய்ச் சின்னவளுக்கு ஜட்டி மாத்திட்டு வந்தேன், அப்பவும் சுத்துச்சு. சரி, செவ்வாய் கிடைக்காது போலன்னு புதன் அழுத்தினேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் செவ்வாய்னு வந்துச்சு. கடவுள் இருக்கார்னு நிம்மதியா படுத்துட்டேன்.”

எனக்குப் புரிந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நேரம்தான். புதன் கேட்டதும் பெட்டி செவ்வாயை விட்டுவிட்டது. அந்தச் செவ்வாயைக் குன்வோர் எடுத்துக்கொண்டார். ஆனால் புதனுக்கான பதில் முதலில் வந்து, செவ்வாய்க்கான பழைய பதில் எங்கோ சுற்றிவிட்டு அதற்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. என் பக்கம் கடைசியாக வந்ததை நம்பி, திரையில் எழுதிவிட்டது. இதைச் சொன்னேன்.

“அதாவது, முன்னாடி கிளம்பின வண்டி பின்னாடி வந்து சேருது” என்றார் குன்வோர். “நீ அதைப் புது வண்டின்னு நினைச்சு ஏறிக்கிறே.”

“அதேதான்.”

“ட்ராமுக்கு இந்த வியாதி கிடையாது. தண்டவாளத்துல யாரும் யாரையும் முந்த முடியாது.”

“இங்க தண்டவாளம் இல்ல குன்வோர்.”

“அதான் வாந்தித் துணியோட மனுஷன் நிக்கிறான்.” கரண்டியை என் பக்கம் நீட்டினார். “வியாழக்கிழமை பார்த்துக்கலாம். பலகையைத் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். அதுக்கு சர்வர் வேண்டாம். ரெண்டு ஆணி போதும்.”

அன்று மாலை நிரலைத் திறந்தேன்.

தவறு என்னுடையது, அதுவும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. பக்கத்தைச் செய்தபோது உண்மையான சர்வர் கையில் இல்லை. சோதித்துப் பார்க்க என் கணினியிலேயே ஒரு போலி சர்வரைச் செய்து வைத்திருந்தேன். அது என் மடியிலேயே இருந்தது, கேட்டவுடன் பதில் சொன்னது. உலகம் முழுவதும் அப்படித்தான் பதில் சொல்லும் என்று நினைத்தேன்.

“பதில் லேட்டா வந்தா என்ன காட்டணும்?” என்று இல்வா அப்போது கேட்டாள்.

“லேட்டா வராது.”

“எருமை, நீ இந்த ஊர் ட்ராம்ல ஏறினதே இல்லையா?”

முதல் வேலையாக அந்தப் போலி சர்வரைச் சோம்பேறி ஆக்கினேன். ஒரு வினாடியிலிருந்து நாற்பது வினாடிவரை, அதன் இஷ்டத்துக்கு. பத்தில் ஒருமுறை பதிலே சொல்லக்கூடாது. பிறகு பக்கத்தை ஓட்டினேன். எல்லாம் நொறுங்கியது. காபி போட்டுக்கொண்டு வந்து, எப்படியெல்லாம் நொறுங்குகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். சுவாரஸ்யமாக இருந்தது. அந்தச் சொல்லை நான் பதினான்கு மாதங்களாகப் பயன்படுத்தவில்லை.

கேள்விகளுக்கு எண் கொடுத்தேன். பதில் வரும்போது அதன் எண்ணைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு புதிய கேள்வி போயிருந்தால், பழைய பதிலை வாங்கிக் குப்பையில் போட வேண்டும். இது எளிது. இருபது வரி.

அடுத்தது மோசமாக இருந்தது. நாற்பது வினாடியில் பதில் வராவிட்டால் ‘தோல்வி, மீண்டும் முயலுங்கள்’ என்று காட்டும்படி எழுதியிருந்தேன். ஆனால் பல நேரம் பெட்டி அதற்குள் நேரத்தை ஒதுக்கியிருக்கும், பதில்தான் வழியில் இருக்கும். தெரியாது என்பதைத் தோல்வி என்று எழுதியிருந்தேன். மனிதர்கள் நம்பி மறுபடி மறுபடி அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலும் சர்வரின் முதுகில் இன்னொரு மூட்டை. அது இன்னும் மெதுவானது.

அதை அழித்தேன். இப்போது ஒரு நேரத்தின் பட்டனை ஒருமுறை அழுத்தினால் அது சாம்பல் நிறமாகி ‘கேட்டாச்சு’ என்று சொல்லும். மறுபடி அழுத்தினால் அசையாது. பதினைந்து வினாடி கடந்தால், ‘பெட்டி மெதுவாக இருக்கிறது. காத்து நிற்க வேண்டாம், போய்க் காபி குடியுங்கள். முடிவு தெரிந்ததும் செய்தி வரும்’ என்று வரும். பக்கத்தை மூடினாலும் கேள்வி உயிரோடு இருக்கும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து காட்டும்.

புதன்கிழமை மாலை மீதி இருந்தது காலுறை. அதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கட்டடமே வெறுக்கும் ஒன்றைக் கூட்டத்தில் சுவரளவு காட்டி வாக்குக் கேட்க முடியாது. அந்தப் படம் போனாலும் பக்கமாவது நிற்கும். இல்வாவின் கோப்புறையைத் திறந்தேன்.

காலுறைப் படத்தில் இரண்டு அடுக்குகள் இருந்தன. மேலே இருந்ததன் பெயர் ‘தேடுது’. கீழே மறைத்து வைக்கப்பட்டிருந்ததன் பெயர் ‘கிடைச்சிருச்சு’. அதைக் காட்டச் சொல்லி அழுத்தினேன். இன்னொரு பச்சைக் காலுறை வந்தது. ஓட்டை இல்லாதது. முதல் காலுறையின்மேல் விழுந்து கட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து ஒரு குதி குதித்தன.

முதல் நாளிலிருந்தே அது கோப்பில் இருந்திருக்கிறது. என் போலி சர்வரின் வேகத்தில் ஒன்று சுற்றுவதற்கே நேரமில்லை, இன்னொன்று எதற்கு என்று நான் எடுக்கவே இல்லை. அவள் சொல்லியிருப்பாள். அப்புறம் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருப்பேன்.

சிரித்தேன் என்று நினைக்கிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நவீத்தைக் கூப்பிட்டேன். பிள்ளைகளுக்கு வாந்தி நின்றுவிட்டதாம். தேநீர்க் குடுவையுடன் வந்தான். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அழுத்து. எவ்வளவு மோசமா முடியுமோ அவ்வளவு மோசமா.”

“அதுக்கு நான்தான் சரியான ஆளு” என்று ஞாயிறு, திங்கள், வெள்ளி மூன்றையும் ஒரே மூச்சில் தட்டினான். காலுறை சுற்றியது. “போச்சுடா. இது இன்னும் சாகலையா?”

“பேசாம பாரு.”

இருபத்திரண்டு வினாடி. இரண்டாவது காலுறை வந்து விழுந்தது. குதித்தன. கீழே: வெள்ளி, ஏழு மணி. அவன் கடைசியாகக் கேட்டது.

“டேய்! ஜோடி சேர்ந்துடுச்சு!” நவீத் தொடையில் தேநீரைக் கொட்டிக்கொண்டான். “இரு, இன்னொரு தடவை.” இன்னொரு தடவை. பிறகு நான்கு தடவை.

“போதும். சோதனை முடிஞ்சுது.”

“எனக்கு முடியல. இது இல்வா வரைஞ்சதா?”

“ஆமா.”

“ஓட்டையைப் பாரு. என் சாக்ஸைப் பார்த்துத்தான் வரைஞ்சிருப்பா. உங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போதெல்லாம் என் காலையே பார்ப்பா.” காலைத் தூக்கிக் காட்டினான். அதே பெருவிரல்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணி. முற்றத்துக் கூடத்தில் காபி, ஏலக்காய் பன். மற்ற வருடங்களில் பதினைந்து பேர் வருவார்கள். அன்று நாற்பத்துநான்கு வீடுகள். பன் பாதியாக வெட்டப்பட்டது. தலைவர் உல்ரிகா, பல் மருத்துவர், சின்னச் சுத்தியலுடன் உட்கார்ந்திருந்தார். சுவரில் மரப்பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் மின்னியது. உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது.

கூரை ஒழுகல் முடிந்தது. சைக்கிள் நிறுத்தம் முடிந்தது. ஏழாவது தீர்மானம்.

“மால்தே, காட்டு” என்றார் உல்ரிகா.

பக்கத்தைச் சுவரில் போட்டேன். இது போலி சர்வர் இல்லை, உண்மையானது. “யாராவது வந்து அழுத்துங்க.”

“நானே வர்றேன்” என்று குன்வோர் எழுந்தார். முப்பது வருடம் ட்ராம் மணியை அழுத்திய விரல். மூன்று முறை அழுத்தினார். முதல் முறையிலேயே பட்டன் சாம்பலாகிவிட்டது.

“ஒரு தடவைதான் ஏத்துக்குமா? திமிரைப் பாரு.”

காலுறை சுற்றியது. கூடம் முனகியது. பதினோரு வினாடி. வரவில்லை. பின்வரிசையில் யாரோ, “அப்படியே என் பல்லையும் பார்த்துடுங்க உல்ரிகா, நேரம் இருக்கு” என்றார். பதினைந்து வினாடியில் எழுத்து வந்தது. குன்வோர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்:

“‘காத்து நிற்க வேண்டாம், போய்க் காபி குடியுங்கள்.’ பார்றா.”

 பிறகு நாற்பது கைகள் ஒரே நேரத்தில் கோப்பைகளைத் தூக்கின. குன்வோரும் தன் இடத்துக்குப் போய்க் குடித்தார். வேறு வழியில்லை, எழுதியிருந்தது. யாரோ இன்னொரு பன் கேட்டார்கள். முப்பத்தெட்டாவது வினாடியில், யாரும் பார்க்காதபோது, இரண்டாவது காலுறை வந்து விழுந்தது. நவீத்தான் கத்தினான்: “ஜோடி! ஜோடி!”

எல்லோரும் திரும்பினார்கள். காலுறைகள் குதித்தன. குன்வோருக்கு அடுத்த செவ்வாய், ஏழு மணி. கைதட்டினார்கள். சலவை நேரத்துக்கு மனிதர்கள் கைதட்டுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வாக்கெடுப்பின் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு நாற்பத்தொன்று, பலகைக்கு மூன்று. ஆனால் அதற்கு முன் குன்வோர் மறுபடி எழுந்தார்.

“வேகத்துக்காக நான் பலகை கேக்கல” என்றார். குரல் வேறாக இருந்தது. “பலகையில பூட்டுதான் தொங்கும். யாரு எதுன்னு தெரியாது. இதுல பேரு இருக்கு. வாராவாரம் வியாழன் காலை ஏழுன்னா இல்வா, அவ ஒருதடவை போட்டு வெச்சது. இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. அவ மாத்தல, நீயும் மாத்தல. அந்தக் காலத்துல அதுக்கு அடுத்த நேரம் என்னுது.”

பன்னைத் தட்டில் வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தார்.

“ரெண்டு வருஷம் எனக்கு முன்னாடி டிரையர் வலையில பஞ்சு. பதினாலு சீட்டு எழுதினேன். கடைசிச் சீட்டுல அவ பேரைப் போட்டே எழுதினேன், கொஞ்சம் கோவமா. மறுநாள் மதியம் அவ இல்ல. அதுக்கப்புறம் பஞ்சும் இல்ல.” கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். “வாராவாரம் நேரம் எடுக்கும்போது அந்தப் பேரைப் பார்க்கிறேன். அந்தப் பொண்ணுக்கு நான் கடைசியா சொன்னது அந்தச் சீட்டுதான். அதான் பலகை வேணும்னேன்.”

எழுந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமல் எழுந்தேன்.

“அது நான்.”

“எது நீ?” என்றார் உல்ரிகா.

“பஞ்சு. துணியை மெஷின்ல போடுறது அவ. வியாழக்கிழமை நான் வீட்ல இருந்து வேலை பார்ப்பேன். டிரையர்லேருந்து எடுக்கிறது நான்.”

“பதினாலு தடவையும்?”

“பதினாலு தடவையும்.”

“இவனுக்கா கைதட்டினோம்!” என்று பின்வரிசை கத்தியது. யாரோ சிரித்தார்கள். குன்வோர் சிரிக்கவில்லை.

“நீயா? நீயாடா? அப்போ அவ… அவ என் சீட்டைப் படிச்சாளா?”

“அன்னைக்குக் காலையில படிச்சா. மேல கொண்டு வந்து என் காபிக் கோப்பை மேல வெச்சா.”

“அழுதாளா?”

“இல்ல குன்வோர். மூச்சு வாங்கச் சிரிச்சா. உங்க மாதிரியே படிச்சுக் காட்டினா, அந்தக் குரல்ல.” என் குரல் ஒழுங்காகத்தான் வந்தது. “அடக்கத்தன்னைக்கு நான் சொன்னது பொய். சீக்கிரம் வந்துடுறேன்னெல்லாம் அவ சொல்லல.”

“பின்ன என்னதான்யா சொன்னா?”

சொன்னேன். சிரிப்பில் கூடம் இடிந்து விழுந்தது. உல்ரிகா சுத்தியலால் தட்டிப் பார்த்தார், பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நவீத் மேஜையை அறைந்தான். குன்வோர் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார், அழுதார், “பாவி, பாவி” என்று என் தோளில் அடித்தார். வலித்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நாற்பத்துநான்கு வீடுகள் சாட்சி.

அந்தக் காலையில் இல்வா: மழைக்கோட்டில் ஒரு கை, கதவுப் பிடியில் ஒரு கை. திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“போய் அந்தப் பஞ்சு வலையைத் துடைடா, எருமை. உனக்காக அவங்க என்னைத் திட்டுறாங்க.”